இரவல் முத்து: மகாச்கலா அன்ஜி கால்பந்துக் கழகத்தின் வரலாறு

காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், தாகிஸ்தான் குடியரசின் தலைநகரான மகாச்கலாவிற்குத் தெற்கே, காஸ்பிஸ்க் என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. அங்கே 26,000 பேருக்கு மேல் அமரத்தக்க விளையாட்டரங்கு ஒன்று உண்டு. 'அன்ஜி அரங்கம்' என்பது அதன் பெயர். 2024-ஆம் ஆண்டில் ரஷ்யக் கால்பந்தின் முதல்தரத் தொடருக்கு உயர்ந்த டைனமோ மகாச்கலா என்னும் கழகம் அவ்வரங்கில்தான் தன் ஆட்டங்களை ஆடத் தொடங்கியது. ஆனால் அரங்கிற்குப் பெயர் தந்த அன்ஜி கழகமோ அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2022-இல், மறைந்துபோயிற்று. வீடு நிற்கிறது; பெயர்ப்பலகையும் இருக்கிறது; பெயருக்கு உரியவர் மட்டும் இல்லை.

பதினோராண்டுகளுக்கு முன்னர் உலகிலேயே மிக உயர்ந்த ஊதியம் பெற்ற வீரரைத் தன்னிடம் வைத்திருந்த கழகம் அது. அத்தகைய கழகம் பெயரளவில் எஞ்சும் நிலைக்கு எவ்வாறு வந்தது? 'பணம் வந்தது, பணம் போயிற்று' என்று ஒரே வரியில் விடையளித்துவிடலாம். அவ்விடை பொய்யன்று, ஆனால் நிறைவானதுமன்று. பணம் எந்த வகையில் கொடுக்கப்பட்டது, கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்த உறவின் தன்மை யாது என்று வினவும்போதுதான் இவ்வரலாறு நமக்குப் பாடமாகிறது. நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோருக்கு அவ்வினா புதியதன்று.

மலைநாடும் அதன் மக்களும்

'தாக்' என்னும் துருக்கியச் சொல்லுக்கு மலை என்று பொருள். அதனுடன் 'ஸ்தான்' என்னும் பாரசீக ஈறு சேர்ந்து 'தாகிஸ்தான்', அதாவது மலைநாடு, ஆயிற்று. காகசஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சரிவுகளும் காஸ்பியன் கடற்கரைச் சமவெளியும் அடங்கிய இந்நிலத்தில் இன்று ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவார், தார்கின், கூமிக், லெஸ்கின், லாக், தபசரான் என முப்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் அவர்களுள் அடங்கும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி இம்மலைகளில் எழுபத்திரண்டு சமூகத்தார் தத்தமக்கென ஓர் அரசரும் ஒரு மொழியும் கொண்டு வாழ்வதாக எழுதினார். அரபுப் புவியியலாளர்கள் இதனை 'ஜபலுல் அல்ஸுன்', அதாவது மொழிகளின் மலை, என்றே அழைத்தனர்.

இந்நாட்டின் தென்பகுதியில் உள்ள தர்பந்த் நகரை அவர்கள் 'பாபுல் அப்வாப்', வாயில்களின் வாயில், எனக் குறித்தனர். கி.பி. 733-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட அந்நகரத்து ஜும்ஆ பள்ளிவாசல், ரஷ்ய நாட்டின் எல்லைக்குள் உள்ள பள்ளிவாசல்களுள் மிகப் பழமையானது. தாகிஸ்தானியருள் பெரும்பாலோர், நம் தமிழகக் கடற்கரையூர் மக்களைப் போன்றே, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். பல நூற்றாண்டுகளாக அவர்களுடைய கல்விமொழி அரபியாக இருந்தது. தம் தாய்மொழிகளையும் அவர்கள் அரபு எழுத்திலேயே எழுதினர். அவ்வெழுத்துமுறைக்கு 'அஜம்' என்று பெயர். அரபுத்தமிழை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1928-இல் அம்மொழிகளுக்கு இலத்தீன் எழுத்தும், 1938-இல் ரஷ்ய எழுத்தும் சோவியத் ஆட்சியால் புகுத்தப்பட்டன. பத்தாண்டுகளுக்குள் இருமுறை எழுத்து மாறியதால், பேரன் தன் பாட்டனாரின் கடிதத்தைப் படிக்க இயலாதவனானான். அதே 1920-களின் இறுதியில் பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்களும் அரசால் எடுத்துக்கொள்ளப்பட்டன. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். கட்டுரையின் இறுதியில் மீண்டும் இதனிடம் வருவோம்.

மகாச்கலா பழம்பெரும் நகரன்று. 1722-இல் பாரசீகப் படையெடுப்பின்போது பேரரசர் பீட்டர் பாளையமிறங்கிய இடத்திற்கு அருகே 1844-இல் ரஷ்யர் ஒரு கோட்டை கட்டினர். அது 1857-இல் பெத்ரோவ்ஸ்க் என்னும் நகராயிற்று. 1921-இல், மகாச் என்று அழைக்கப்பட்ட புரட்சியாளர் தகாதாயேவின் நினைவாக 'மகாச்கலா' எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் அவ்விடத்திற்கு மக்கள் வழக்கில் மற்றொரு பெயரும் இருந்தது: அன்ஜி. கூமிக் மொழியில் அச்சொல் முத்தைக் குறிக்கும். பேரரசின் பெயரையோ புரட்சியின் பெயரையோ தேடாமல், ஊரின் அப்பழைய பெயரையே கழகத்தார் தமக்குத் தெரிந்தெடுத்தனர்.

சோவியத்தின் அந்திப்பொழுதில்

அன்ஜி கழகம் 1991-இல் தோன்றியது. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான். முன்னாள் வீரர் அலெக்சாந்தர் மார்க்காரோவும், தாகிஸ்தானின் எரிபொருள் விற்பனை நிறுவனத்தின் தலைவரான மகோமெத்-சுல்தான் மகோமெதோவும் அதனை நிறுவினர். 1992 முதல் ரஷ்யத் தொடர்களின் கீழ்ப்படிகளில் அது ஆடத் தொடங்கியது.

அன்றைய தாகிஸ்தானில் ஒரு கால்பந்து அணிக்கு இருந்த பொருளை வெளியிலிருந்து நோக்குவோர் எளிதில் உணர்வதில்லை. முப்பது மொழிகள் வழங்கும் நாட்டில் ஆட்சிப் பதவிகளை இனக்குழுக்களிடையே பங்கிடுவது எழுதப்படாத மரபாகும். ஒருவருக்குத் தலைமை கிட்டினால் மற்றவருக்கு அடுத்த பதவி என்றே கணக்குகள் அமைந்தன. அக்கணக்குகளுக்கு வெளியே, அவாரும் தார்கினும் கூமிக்கும் லெஸ்கினும் தோளோடு தோள் நின்று ஒரே பெயரைக் கூவிய இடங்கள் மிகச் சிலவே. மகாச்கலாவின் பழைய டைனமோ அரங்கு அவற்றுள் ஒன்று. அணியின் வீரர்களும் அம்மண்ணின் பல இனத்தாரிலிருந்தே பெரும்பாலும் வந்தனர். இப்ராகிம் கசன்பெகோவ் என்னும் முன்கள வீரர் அவர்களுள் புகழ்மிக்கவர். இக்குடும்பப் பெயர்களின் ரஷ்ய ஈற்றை நீக்கிப் பார்த்தால் நமக்குப் பழக்கமான சொற்களே வெளிப்படும். மகோமெதோவில் முஹம்மதும், காஜியேவில் ஹாஜியும், கெரிமோவில் கரீமும், காதியேவில் காழியும் உறைகின்றனர்.

போரின் நிழலில்

1999-ஆம் ஆண்டு தாகிஸ்தானின் அண்மை வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு ஆகஸ்டில் செச்சன்யாவிலிருந்து ஆயுதக் குழுக்கள் எல்லை கடந்து தாகிஸ்தானின் மலைக்கிராமங்களுக்குள் புகுந்தன. செப்டம்பர் 4-இல் புய்னாக்ஸ்க் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 64 உயிர்கள் மாண்டன. அதனைத் தொடர்ந்து இரண்டாம் செச்சன்யப் போர் மூண்டது.

இதே ஆண்டில்தான் அன்ஜி இரண்டாம் தரத் தொடரில் முதலிடம் பெற்று நாட்டின் முதல்தரத் தொடருக்கு உயர்ந்தது. அவ்வெற்றியின் சிற்பி பயிற்சியாளர் காஜி காஜியேவ். 1945-இல் கசாவ்யூர்த்தில் பிறந்த இவர், 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் பயிற்சிக் குழுவில் பணியாற்றியவர். மகிழ்ச்சியுடன் துயரும் உடன்வந்தது. அப்பருவத்தின் நடுவே, கசன்பெகோவ் சாலை விபத்தில் உயிர்நீத்தார். தாம் கொணர விழைந்த உயர்வைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

2000-இல் முதன்முறையாக முதல்தரத்தில் ஆடிய அன்ஜி நான்காம் இடம் பெற்றது. இறுதிச் சுற்றில் மாஸ்கோவின் டோர்பிடோ அணியிடம் தோற்றதால் மூன்றாமிடம் கைநழுவியது. மறு ஆண்டு, 2001 ஜூன் 20-இல், ரஷ்யக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் மாஸ்கோவின் லோகோமோட்டிவ் அணியை எதிர்கொண்டது. கூடுதல் நேரத்தின் முடிவிலும் 1-1 என்ற சமநிலை நீடித்தமையால், பெனால்டி உதைகளில் தோல்வி கண்டது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 18-இல் மகாச்கலாவில் நிகழ்ந்ததோ வெற்றி தோல்விகளைக் கடந்த துயரம். மாஸ்கோ சி.எஸ்.கே.ஏ. அணியுடனான ஆட்டத்தில் அன்ஜியின் முன்கள வீரர் புதூன் புதூனோவும் எதிரணியின் கோல் காப்பாளர் செர்கேய் பெர்ஹூனும் பந்தைக் கைப்பற்ற விரைந்தபோது தலையோடு தலை மோதிக்கொண்டனர். புதூனோவ் கடும் காயத்துடன் உயிர்தப்பினார். உக்ரேனியரான பெர்ஹூன் பத்து நாள்களுக்குப் பின் இறந்தார். அவருக்கு வயது 23 மட்டுமே.

நான்காமிடம் பெற்றதன் பயனாக ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துடன் மோதும் வாய்ப்பு அன்ஜிக்குக் கிட்டியது. முறைப்படி ஓர் ஆட்டம் மகாச்கலாவில் நடந்திருக்க வேண்டும். ஆயினும் அண்டையில் போர் நடப்பதைக் காரணமாகக் கொண்டு, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இரு ஆட்டங்களுக்குப் பகரமாகப் பொது இடமான வார்ஸா நகரில் ஒரே ஓர் ஆட்டத்தை ஆடுமாறு பணித்தது. 2001 செப்டம்பர் 27-இல் நடந்த அவ்வாட்டத்தில் அன்ஜி 0-1 எனத் தோற்றது. பத்தாண்டு உழைப்பின் பயனாக ஐரோப்பா தம் வாயிலுக்கு வரும் என்று காத்திருந்த மகாச்கலா மக்கள், அதனைத் தொலைக்காட்சியில்தான் கண்டனர். 2002-இன் இறுதியில் அணி மீண்டும் இரண்டாம் தரத்திற்கு இறங்கியது. திரும்பவும் முதலிடம் பெற்று உயர 2009 வரை ஏழு பருவங்கள் ஆயின.

இந்த முதற்கட்டத்திலும் கழகம் தன் வருவாயில் வாழ்ந்ததில்லை என்பதை நேர்மையாகக் கூறியாக வேண்டும். ரஷ்யாவின் மாநில நகரங்களில் நுழைவுச்சீட்டு வருமானமும் தொலைக்காட்சி உரிமத் தொகையும் ஒரு கழகத்தின் செலவில் சிறு பங்கையே ஈடுசெய்யும். எஞ்சியவை வட்டார அரசின் நிதியிலிருந்தோ, பெருநிறுவனத்திலிருந்தோ, தனிச் செல்வரிடமிருந்தோ வருவனவாகும். கொடுப்பவர் கைவிட்டால் கழகம் வீழ்கிறது. 2018-இல் ரஷ்யக் கிண்ணத்தையே வென்ற தோஸ்னோ கழகம் அதே ஆண்டின் கோடையில் கலைந்தது. பேர்ம் நகரின் அம்கார் கழகமும் அவ்வாண்டே முதல்தரத்தினின்று மறைந்தது. ஆகவே அன்ஜியின் கதை தனித்ததன்று. அனைவருக்கும் உரிய நோயின் மிகப்பெரிய உருவமே அது.

பொன்மழை பொழிந்த முப்பது மாதங்கள்

2011 ஜனவரியில் தாகிஸ்தான் அரசு கழகத்தின் உரிமையைச் சுலைமான் கெரிமோவிடம் ஒப்படைத்தது. 1966-இல் தர்பந்தில் பிறந்த லெஸ்கின் இனத்தவரான இவர், அந்நாளில் ரஷ்யாவின் மிகப் பெரும் செல்வர்களுள் ஒருவர். 2008 முதல் நாடாளுமன்ற மேலவையில் தாகிஸ்தானின் உறுப்பினராகவும் இருந்தார்.

அடுத்த மாதமே பிரேசிலின் உலகக் கிண்ண வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் மகாச்கலா அணியில் சேர்ந்தார். மொராக்கோவின் புஸூஃபா, ஹங்கேரியின் ஜூஜாக், ரஷ்ய தேசிய அணியின் யூரி ஜிர்கோவ் ஆகியோர் தொடர்ந்தனர். ஆகஸ்டில் இத்தாலியின் இன்டர் மிலானிலிருந்து கேமரூன் நாட்டின் சாமுவேல் எட்டோ வந்தார். அவருக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி யூரோ ஊதியம் என்று செய்திகள் கூறின. அது உண்மையாயின், அன்றைய உலகில் எந்தக் கால்பந்து வீரரும் பெறாத தொகை அது. 2012 பிப்ரவரியில் நெதர்லாந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் குஸ் ஹிட்டிங்க் பொறுப்பேற்றார்.

ரஷ்யாவின் பிற பகுதிகள் இவ்வெழுச்சியை எவ்வாறு வரவேற்றன என்பதும் பதியப்பட வேண்டும். 2011 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க் அரங்கில் ராபர்ட்டோ கார்லோஸுக்கு முன்னே ஒருவர் வாழைப்பழத்தை நீட்டி இகழ்ந்தார். ஜூனில் சமாரா நகரில் அவர்மீது வாழைப்பழம் வீசப்பட்டது. அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். ஜிர்கோவ் காகசஸ் கழகத்தில் சேர்ந்ததற்காக, ஆகஸ்டில் தேசிய அணிக்கு அவர் ஆடியபோது சொந்த நாட்டு ரசிகர்களே கூச்சலிட்டு இழித்தனர். தோலின் நிறமும் மலைநாட்டாரின் முகவரியும் ஒரே வெறுப்பிற்கு இலக்காயின.

ஆட்டக்களத்தில் பயன் விளையாமலில்லை. 2012-13 பருவத்தில் அன்ஜி தொடரில் மூன்றாமிடம் பெற்றது. அதன் வரலாற்றில் அதுவே உச்சம். ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தின் லிவர்பூலை 1-0 என வென்றது. 2013 ஜூன் 1-இல் கிரோஸ்னி நகரில் நடந்த ரஷ்யக் கிண்ண இறுதிப் போட்டியிலும் ஆடியது. அங்கும் சி.எஸ்.கே.ஏ. அணியிடம் பெனால்டி உதைகளிலேயே தோற்றது. பன்னிரண்டாண்டு இடைவெளியில் இரு இறுதிப் போட்டிகள். இரண்டிலும் ஒரே வகையான முடிவு.

ஆயினும் இக்காலத்தின் தனித்தன்மை வேறொன்றில் உள்ளது. அந்நாள்களில் தாகிஸ்தானில் குண்டுவெடிப்புகளும் துப்பாக்கிச் சண்டைகளும் ஓய்ந்திருக்கவில்லை. எனவே வீரர்கள் மாஸ்கோவிலும் அதன் புறநகர்ப் பகுதியிலும் தங்கிப் பயிற்சி பெற்றனர். மகாச்கலாவில் ஆட்டம் இருக்கும்போது மட்டும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் வானூர்தியில் பறந்து வந்து, ஆடி முடித்துத் திரும்பினர். ஐரோப்பியப் போட்டிகளின் 'உள்ளூர்' ஆட்டங்களோ தாகிஸ்தானில் நடத்தவே அனுமதிக்கப்படாமல் மாஸ்கோ வட்டாரத்தில் நடந்தன. லிவர்பூலை வென்ற ஆட்டமும் அவ்வாறு மாஸ்கோவில் நடந்ததே. தம் ஊரின் பெயரைச் சுமந்த அணி, தம் ஊரில் வாழவில்லை. மக்களுக்கு அது விருந்தாளியாகவே வந்துபோயிற்று.

அச்சத்தால் நேர்ந்த இப்பிரிவிற்கு எவரையும் குறைகூறல் எளிதன்று. ஆனால் விளைவை மறைக்கவும் இயலாது. 1999-இன் அணி தோற்றபோது மகாச்கலாவின் தெருக்களில் நடக்கவேண்டியிருந்தது. வென்றபோதும் அங்கேயே நடந்தது. 2012-இன் அணிக்கு அத்தெருக்கள் வானூர்தி நிலையத்திற்குச் செல்லும் வழி மட்டுமே.

ஒரே மாதத்தில் கலைந்த சந்தை

2013 ஜூலையில் ஹிட்டிங்க் விலகினார். அவருக்குப் பின்வந்த ரெனே மியூலன்ஸ்டீன் பதினாறு நாள்களே பதவியில் இருந்தார். ஆகஸ்டின் தொடக்கத்தில் கழகத்தின் செலவுத்திட்டம் பெருமளவு குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. கெரிமோவின் உடல்நலக் குறைவும், அணியின் மோசமான தொடக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவர் பெரும்பங்கு வைத்திருந்த உரால்காலி என்னும் பொட்டாஷ் உர நிறுவனம் ஜூலை இறுதியில் பெலாரஸ் நாட்டுக் கூட்டாளியிடமிருந்து பிரிந்து, அதன் பங்குவிலை சரிந்ததையும் பலர் சுட்டினர்.

அதன் பின் நடந்தது விற்பனை. எட்டோவும், ஜனவரியில்தான் மூன்றரைக் கோடி யூரோவுக்கு வாங்கப்பட்டிருந்த பிரேசிலின் வில்லியனும் லண்டனின் செல்சீ கழகத்திற்குச் சென்றனர். ஜிர்கோவும் அவருடன் வேறு சிலரும் மாஸ்கோவின் டைனமோவுக்கு விற்கப்பட்டனர். புஸூஃபாவும் பிரான்சின் லஸானா தியாராவும் லோகோமோட்டிவுக்குப் போயினர். சில வாரங்களுக்குள் அணியின் உருவே மாறிற்று. முதிய காஜியேவ் மீண்டும் அழைக்கப்பட்டார். ஆனால் அவர் கையில் எஞ்சியிருந்தது சிதறல்களே. 2013-14 பருவத்தின் 30 ஆட்டங்களில் 3-இல் மட்டும் வென்று, 20 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் அன்ஜி இறங்கியது. முந்தைய பருவத்தின் மூன்றாமிடத்திற்கும் இதற்கும் இடையே ஓராண்டே கழிந்திருந்தது.

2015-இல் கழகம் மீண்டும் உயர்ந்தது. 2016 டிசம்பரில் கெரிமோவ் அதனை உஸ்மான் காதியேவிடம் விற்றார். 2018-இல் தகுதிச் சுற்றில் தோற்று இறங்கவேண்டிய நிலையிலும், மேலே கூறிய அம்கார் கழகம் உரிமம் இழந்ததால் தப்பியது; ஒரு கழகத்தின் இறப்பு மற்றொன்றின் ஆயுளை ஓராண்டு நீட்டிற்று. 2019-இல் ஊதிய நிலுவைகளின் சுமையோடு இறங்கிய அன்ஜி, இரண்டாம் தரத்திலும் இடம்பெறாமல் நேரே மூன்றாம் தரத்திற்குச் சென்றது. 2022-இல் அடுத்த பருவத்திற்கான உரிமமும் கிட்டாத நிலையில் தொழில்முறைக் கழகமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. தோன்றி முப்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

வக்ஃபு, ஹிபா, ஆரிய்யத்

கொடைகளைப் பற்றி நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த பாகுபாடு இங்கே துணைசெய்யும். ஒருவர் தம் பொருளைப் பிறருக்கு உடைமையாகவே கொடுத்து, பெறுபவர் அதனைக் கைக்கொண்டுவிட்டால் அது 'ஹிபா', அதாவது அன்பளிப்பு. பொருளின் முதலை நிறுத்திவைத்து அதன் பயனை என்றென்றைக்கும் ஒரு நன்மைக்கு உரித்தாக்கினால் அது 'வக்ஃபு'. உடைமை தம்மிடமே இருக்க, பயன்படுத்திக்கொள்ள மட்டும் பிறரை அனுமதித்தால் அது 'ஆரிய்யத்'. தமிழில் நாம் இரவல் என்கிறோமே, அதுவே இது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, பொதுவாக இரவல் கொடுத்தவர் தாம் விரும்பும்போது திருப்பிப் பெறலாம். அதற்கு அவர் காரணம் கூறவும் தேவையில்லை.

கைபரில் தமக்குக் கிடைத்த விலைமதிப்புள்ள நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, முதலை நிறுத்தி விளைச்சலைத் தருமம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதையும், அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக அளிக்கப்படாது, வாரிசுரிமையாகவும் ஆகாது என்னும் நிபந்தனையுடன் உமர் (ரலி) அவர்கள் அதனை ஒப்படைத்ததையும் நாம் அறிவோம். இதில் கொடையின் அளவைக் காட்டிலும் நிபந்தனையே நம் கருத்தைக் கவர்கிறது. கொடுத்தவரின் மனம் நாளை மாறினாலும், அவர் நோயுற்றாலும், அவருடைய வணிகம் சரிந்தாலும், பெற்றவரின் உரிமை குலையாதவாறு கொடை கொடுத்தவரிடமிருந்தே பாதுகாக்கப்படுகிறது.

கெரிமோவ் தாகிஸ்தானுக்கு அளித்தது வக்ஃபுமன்று, ஹிபாவுமன்று. கழகம் அவர் உடைமை; வீரர்கள் அவர் ஊதியத்தில் இருந்தோர். மக்களுக்குக் கிடைத்தது காணும் பயன் மட்டுமே. அது ஆரிய்யத். ஆகவே அவர் அதனைத் திரும்பப் பெற்றபோது எவருடைய உரிமையையும் பறித்தார் என்று கூறுதல் நீதியாகாது; தம் பொருளைத் தாம் எடுத்துக்கொண்டார். பிழை வேறிடத்தில் உள்ளது. இரவல் பொருளைத் தம் சொத்தென்று ஒரு நகரமே நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் திருத்த ஆட்சியாளரும் முன்வரவில்லை. கழகத்தை ஒரு செல்வரிடம் ஒப்படைத்த 2011-ஆம் ஆண்டில், அவர் விலகினால் எது நகருக்கு எஞ்சும் என்னும் வினாவே முதலில் எழுந்திருக்க வேண்டும்.

இது மார்க்கத் தீர்ப்பன்று, ஒப்புமை மட்டுமே. கால்பந்துக் கழகத்தை வக்ஃபாக்குதல் ஆகுமா என்னும் ஆய்வு நம் நோக்கமன்று. ஆனால் வக்ஃபின் உட்பொருளைப் பிற சமூகத்தார் தம் வழியில் சட்டமாக்கியுள்ளனர் என்பது எண்ணத்தக்கது. ஜெர்மனியில் சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு உறுப்பினர்களிடமே இருத்தல் வேண்டும். செல்வர் பொருள் தரலாம். கழகத்தை எடுத்துச் செல்ல இயலாது.

இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. 2015 செப்டம்பரில் மாஸ்கோவின் பெரிய பள்ளிவாசல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானச் செலவில் பெரும்பகுதியை வழங்கியவர் இதே கெரிமோவ். கொடுத்த கரம் ஒன்றே. ஆனால் அப்பள்ளிவாசலின் தூண்களை எவரும் செல்சீக்கு விற்க முடியாது. அவருடைய வணிகம் ஏறினும் இறங்கினும் அங்கே தொழுவோரின் வரிசை கலையாது. இரு கொடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கொடுத்தவரின் மனத்தில் இல்லை; கொடுத்த முறையில் இருக்கிறது.

தன் பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்களை 1920-களில் இழந்த ஒரு சமூகம், மூன்று தலைமுறைகளுக்குப் பின் பொதுச்சொத்தையும் இரவலையும் பிரித்தறியத் தடுமாறியதில் வியப்பொன்றுமில்லை. நிறுவனம் அழியும்போது அதனைத் தாங்கி நின்ற அறிவும் உடன் அழிகிறது. எழுத்தை மாற்றியதால் கடிதம் படிக்க இயலாது போனதைப் போன்றே, வக்ஃபை நீக்கியதால் பொதுவுடைமை என்பதன் இலக்கணமும் மறந்துபோயிருக்கலாம்.

எஞ்சியது

2011-இல் தொடங்கிய முயற்சிகளுள் மக்களை விட்டு நீங்காதது ஒன்றுண்டு. காஸ்பிஸ்கில் முன்பிருந்த அரங்கு பெரும் பொருட்செலவில் விரிவாக்கப்பட்டு, 2013-இன் வசந்தத்தில் 'அன்ஜி அரங்கம்' என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அதன் பின் சில மாதங்களிலேயே வீரர்கள் விற்கப்பட்டனர். அரங்கு மட்டும் நிலத்தோடு பிணைந்து நின்றது. 2021-இல் புதிதாகத் தோன்றிய டைனமோ மகாச்கலா மூன்றே ஆண்டுகளில் முதல்தரத்திற்கு உயர்ந்தபோது, அதற்கு ஆட ஓர் இடம் ஆயத்தமாக இருந்தது. முப்பது மொழிகளைப் பேசுவோர் மீண்டும் அங்கே ஒன்றுகூடினர்.

உலகின் மிக உயர்ந்த ஊதியம் பெற்றவரின் பாதச்சுவடு அப்புல்வெளியில் இன்று இல்லை. விற்க முடிந்தவை அனைத்தும் விற்கப்பட்டன. எடுத்துச் செல்ல முடியாதபடி கட்டப்பட்டது மட்டும், தன்னைக் கட்டியவரின் கழகம் மறைந்த பின்னும், அவ்வூருக்குப் பயன் தந்து நிற்கிறது. முத்தின் பெயரையும் தாங்கி நிற்கிறது.